முன்சக்கரத்து எலுமிச்சம்பழம்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கப்போகிற என் வயதுக்காரர்களே, இன்றைக்கு மருமகள் புராணம் பாடப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஒரு காரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். போன மாதம் பேரன் புதுக் கார் வாங்கி வந்தான். "அப்பத்தா, இங்க பாருங்க, ஒத்த விரல்ல திருப்பலாம்" என்று ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினான். நான் வாயைப் பிளக்கவில்லை என்று அவனுக்கு வருத்தம். நான் பத்து வயதில் ஒற்றை விரலால் திருப்பியவள். அதனால் வந்த வினையை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

போடியில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். வீட்டை ஒட்டிய கிட்டங்கியில் மூட்டைகள் அடுக்கியிருக்கும். வாசலில் இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்குவார்கள். பெரிய காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம். எங்கள் சட்டை, பாவாடை, பள்ளிக்கூடப் பை, தயிர்ச்சோறு எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம்தான். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் என் பையை முகர்ந்துவிட்டுப் பாயசம் கேட்பார்கள்.

அந்தக் கார், மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது அப்பாவிடம் விட்டுப் போனது. உலகச் சண்டைக்கு முந்தைய வண்டி. கறுப்பு நிறம். கிழிந்த சிவப்புத் தோல் இருக்கை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் தேங்காய் நார். திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து மஞ்சளாக ஒரு சின்னக் கை நீண்டு வந்து திசை காட்டும். சில நேரம் உள்ளே போக மறுக்கும், தட்டித்தான் அனுப்ப வேண்டும். எனக்கு அந்தக் கைமேல் கொள்ளைப் பிரியம்.

எல்லாம் இருந்து என்ன, ஸ்டியரிங் மகா மோசம். அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். போன பிறகும் லேசில் கேட்காது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு வந்தால் டிரைவர் அண்ணன் இருக்கையிலிருந்து எழுந்து நின்று, கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்போல இழுப்பார். ஒரு தடவை பாதி வளைவில் திரும்பாமல் நின்று, பின்னால் மூன்று லாரிகள் வரிசை கட்டிவிட்டன. அந்த ஆவணி மாதம் தோள்பட்டை பிசகி, "மொதலாளி, இந்த வண்டிக்கு என்னால ஆகாது" என்று கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஓட்டப் போய்விட்டார்.

அதில் தவித்துப்போனது என் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமான ஒரு வருடத்திலேயே அத்தையின் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். பிறந்த வீட்டுக்கு வந்த அத்தையிடம் மிச்சமிருந்தது, மலைமேல் போடி மெட்டுக்கு அந்தப் பக்கம் அவர் அத்தை பெயருக்கு எழுதிவைத்திருந்த ஒரு ஏலத்தோட்டம். ஞாயிறு தவறாமல் அத்தை அங்கே போவார். கங்காணியிடம் கணக்காகப் பேசுவார், செடி செடியாகக் குனிந்து பார்ப்பார், அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு சாயங்காலம் திரும்புவார். வீட்டில் வாயே திறக்காத அத்தை, தோட்டத்துக்குப் போய் வந்த இரவு மட்டும் சாப்பிடும்போது பேசிக்கொண்டே இருப்பார்.

டிரைவர் போனதும் அப்பா முடிவெடுத்துவிட்டார். "காரை வித்துறலாம். ராசிங்காபுரத்துக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு. தோட்டத்தையும் குத்தகைக்கு விட்டுருவோம். ஒனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?"

"பஸ்சுல போயிக்கிறேண்ணே" என்றார் அத்தை.

"தனியாவா? ஊரு என்ன பேசும்?"

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை. எல்லோரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தோம். என் அப்பா கெட்டவர் இல்லை, தங்கைமேல் உயிரையே வைத்திருந்தவர். அந்தத் தோட்டம்தான் அவளுடைய உயிர் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, பட்டாளத்தில் வண்டி வேலை பார்த்துவிட்டு வந்தவர். ரயிலடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு லாரிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த வண்டியையும் முழுதாகப் பார்க்கப் பொறுக்காது, பிரித்துப்போட்டால்தான் தூக்கம் வரும். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார்.

"அத்தான், பத்து நாள் குடுங்க. கேடு பூராம் அந்த ஸ்டியரிங் பெட்டிக்குள்ளதான் இருக்கு. இப்ப வர்ற சின்னக் கார்ல ராக்குன்னு ஒண்ணு வைக்கிறாய்ங்க. நீளமா ஒரு கம்பி, அதுல பல்லு வெட்டியிருக்கும். அது மேல ஒரு சின்னப் பல்சக்கரம். இங்க திருப்புனா அங்க திரும்பும், நடுவுல பேச்சே கெடையாது. பச்சப்புள்ள திருப்பலாம். நானே ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

"இருக்கறதையும் கெடுத்துறாத மாப்ளே."

"கெட்டா என்னையக் கேளுங்க."

அப்பா யோசித்தார். ராசிங்காபுரத்துக்காரர் அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வண்டி சரியானால் கார் நம்முடையது, தோட்டம் அத்தையுடையது. சரியாகாவிட்டால் அன்றைக்கே கைமாற்றிவிட வேண்டியது. பேச்சு முடிந்தது.

மாமா மதுரைக்குப் போய், பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு சின்னக் காரிலிருந்து ராக்கைக் கழற்றி, சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தார். டிக்கெட் பரிசோதகர் அது என்னவென்று கேட்டதற்கு "வீட்டுக்கு வீணை" என்றாராம். முற்றத்தில் சாக்கைப் பிரித்ததும் காய் பொறுக்கும் பெண்கள் முறத்தை வைத்துவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அக்கா பல்வரிசையைத் தடவிப் பார்த்து, "எங்க வீட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு பல்லு இல்லடியம்மா" என்றாள்.

பிறகு ஒரு வாரம் எங்கள் வீடு கொட்டகையாகிவிட்டது. காரின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி மரக்கட்டைமேல் நிறுத்தினார்கள். பழைய பெட்டி வெளியே வந்தது, உள்ளேயிருந்து கறுப்புக் களிம்பும் உதிர்ந்த பல்லும் கொட்டின. மாமா மல்லாந்து படுத்துக்கொண்டு கை நீட்டி "பதினாலு ஸ்பானர் கொண்டா" என்பார், அம்மா அடுப்படியிலிருந்து வந்து எடுத்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் அம்மாவுக்கு எல்லா நம்பரும் அத்துப்படி. அச்சில் ராக்கைப் பிடித்துக் கட்ட இரும்புப் பட்டை அடிக்க வேண்டியிருந்தது. கொல்லர் வந்தார். அவர் அடித்த பட்டை அரை விரல் குறைந்தது, மறுபடி அடித்தார். எங்கே பார்த்தாலும் கிரீஸ். தண்ணீர்ச் செம்பில்கூடக் கிரீஸ் கைரேகை.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புது வண்டியானாலும், பழுது பார்த்த வண்டியானாலும் பூஜை போடுவதற்கு முன் யாரும் ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாது. முன்பு லாரி வாங்கியபோது யாரோ கை வைத்து, அன்றைக்கே அச்சு முறிந்ததாம். அதனால் மாமா ஸ்டியரிங் கோலைக் கடைசியாகப் பூட்டினார். பூட்டியதும் அப்பா ஒரு மஞ்சள் துணியை ஸ்டியரிங்கில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலைதான் நல்ல நேரம். மூன்று நாள் அந்த வண்டியை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காமல் மாலை மரியாதையோடு வைத்திருந்தார்கள். எந்த ஊர் மெக்கானிக்காவது இப்படிச் செய்வானா?

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். முற்றத்தில் யாரும் இல்லை. பச்சப்புள்ள திருப்பலாம் என்று மாமா சொன்னது மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்து ஏறினேன். மஞ்சள் துணியின் முடிச்சு ஏற்கெனவே தளர்ந்து கிடந்தது, எனக்கு வசதியாகப் போயிற்று. ஒற்றை விரலை வைத்துத் தள்ளினேன். திரும்பியது! வெண்ணெயில் விரல் விட்டமாதிரி போனது. டிரைவர் அண்ணனின் தோளைப் பிசகவைத்த அந்த ராட்சசன் என் ஆள்காட்டி விரலுக்கு அடங்கியதைப் பார்த்துக் கத்தவேண்டும்போல இருந்தது. வலது பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, சக்கரம் எப்படி நிற்கிறது என்று பார்க்க இறங்கி ஓடினேன்.

சக்கரம் இடது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுபடி ஏறி இடது பக்கம் திருப்பினேன். சக்கரம் வலது பக்கம் போனது. புது மாதிரி ராக்கு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி சாப்பிடும்போது சந்தேகம் வந்தது. ஆனால் சொன்னால், பூஜைக்கு முன் தொட்டது தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தெருவே எங்கள் முற்றத்தில். கட்டையிலிருந்து இறக்கிய காருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சம்பழம். அத்தை மட்டும் கிட்டங்கிக் கதவுக்குப் பின்னால் நின்றார். தாலியில்லாதவர்கள் நல்ல காரியத்தில் முன்னால் வரமாட்டார்கள், அது யாரும் சொல்லாமலே நடக்கிற விஷயம். எனக்கும் அன்றைக்கு அது வினோதமாகப் படவில்லை. கையில் பொங்கலோடு திண்டாடிக்கொண்டிருந்தேன்.

மாமா வெள்ளைச் சட்டையில் ஏறினார். வெளிவாசல் வலது பக்கம். மஞ்சள் கை அழகாக வலது பக்கம் நீண்டது. மாமா வலது பக்கம் திருப்பி, கிளச்சை விட்டார். கார் இடது பக்கம் போனது. அவர் பதறி இன்னும் வலது பக்கம் ஒடித்தார், அது இன்னும் இடது பக்கம் பாய்ந்தது. "ஏய், ஏய்!" என்று காரைப் பார்த்துக் கத்தினார். பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓட, கார் நேரே போய் ஏலக்காய் மூட்டைகளின்மேல் மூக்கை வைத்து நின்றது. ஒரு மூட்டை வெடித்து, பச்சைக் காய் முற்றமெங்கும் ஓடியது. மஞ்சள் கை மட்டும் இன்னமும் வலது பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் அடியில்லை என்று தெரிந்ததும் பல்வரிசையைத் தடவிய அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பின்சக்கரத்துப் பழம் இரண்டும் நசுங்கியிருந்தன. முன்சக்கரங்கள் திரும்பியபடி நகர்ந்ததால் அந்த இரண்டு பழமும் உருண்டு தப்பித்திருந்தன.

அப்போதுதான் மூன்றாம் வீட்டு அம்மாள் சத்தமாகச் சொன்னாள். "ஆரு மொகத்துல முழிச்சு எடுத்தாகளோ." சொல்லிவிட்டுக் கிட்டங்கிக் கதவைப் பார்த்தாள். இன்னும் நாலு பேர் பார்த்தார்கள். அத்தை உள்ளே போய்விட்டார். நான் பொங்கலைக் கீழே வைத்துவிட்டேன். நான் முந்தின நாளே சொல்லியிருந்தால் யாரும் அந்தக் கதவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாமா காருக்கு அடியில் புகுந்து, ஐந்து நிமிடத்தில் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தார். சின்னக் காரில் சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கைகள் முன்பக்கம் நீட்டியிருக்கும், இதில் பின்பக்கம் நீட்டியிருந்தன. அதே ராக்கு, கை திசை மாறினால் சக்கரமும் திசை மாறும். "ரெண்டு கையையும் எடம் மாத்தி முன்னாடி பாக்க வச்சு, ராக்கையும் முன்னுக்குக் கொண்டு வந்துட்டாச் சரியாப் போகும் அத்தான். ரெண்டு நாள் சோலி."

"ரெண்டு நாளா? அங்க பாரு" என்றார் அப்பா. வாசலில் ராசிங்காபுரத்துக்காரர், தன் டிரைவரோடு.

பேச்சு பேச்சுதான். அப்பா உள்ளதை உள்ளபடி சொன்னார். வந்தவர் சிரித்தார். "எங்க டிரைவரு இருவது வருசமா லாரி ஓட்டுறவரு. அவருக்கு எதுவும் பெருசில்ல." டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டு ஏறினார். முதல் தடவை துளசி மாடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இரண்டாம் தடவை, திசை மாற்றித் திருப்ப வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டி, மாட்டுத் தொழுவத்துக்குள் பாதி போனார். பழகிய கை சொன்னபடி கேட்டால்தானே! இறங்கியவர் முகமெல்லாம் வேர்வை. "மொதலாளி, இது காரு இல்ல, காத்துக் கருப்பு. வாங்க போவோம்." ராசிங்காபுரத்துக்காரர் செருப்பை மாட்டியதைத்தான் பார்த்தேன், ஆள் தெருமுனையில் இருந்தார்.

வாங்க வந்தவர் ஓடிவிட்டார். ஓட்டவும் ஆள் இல்லை. அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அப்போது அத்தை வந்தார். யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு தடவை வண்டி அணைந்தது. மூன்றாவது தடவை நகர்ந்தது. தொழுவத்திலிருந்து பின்வாங்கி, துளசி மாடத்தைச் சுற்றி, ஏலக்காய்க் குவியலை ஒதுக்கி, முற்றத்தை மூன்று சுற்று சுற்றி, மாமாவின் கால்மாட்டில் வந்து நின்றது. மூன்று வருடம் பின்னிருக்கையிலிருந்து டிரைவரின் கையையும் காலையும் அவர் பார்த்துக்கொண்டே வந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

"ஓட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் இது குழப்பம். ஒண்ணும் தெரியாதவ, அதான் ஓட்டிப்புட்டா" என்றார் மாமா.

அப்பா படியிலிருந்து எழுந்து வந்தார். "மாப்ளே, கையை மாத்திப் போடு. தோட்டத்தக் குத்தகைக்கு விடல" என்றார். அவ்வளவுதான் அவருக்குப் பேச வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிரீஸ் பட்டுவிட்டது என்றார்.

மாமா சரிசெய்து முடித்ததும் இன்னொரு கூத்து. இப்போது ஊரில் எல்லோருக்கும் அந்தக் காரை ஓட்ட வந்தது, அத்தையைத் தவிர. வலது என்றால் இடது திருப்பினார், துணி துவைக்கும் கல்லில் போய் முட்டினார். "முன்ன மாதிரி கட்டை மேல ஏத்திக் குடுங்க" என்று மாமாவிடம் கேட்டு, மூன்று மத்தியானம் நிற்கிற காரில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பழகினார். முன்ன மாதிரி என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. பிறகு இரண்டு வாரம் குரங்கணி போகிற பாதையில் ஓட்டம். அதற்கும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெட்டு.

மாமா முன்னால், நான் பின்னால், அத்தை ஸ்டியரிங்கில். கொண்டை ஊசி வளைவுகளை அத்தை உட்கார்ந்தபடியே திருப்பினார், வளையல் இல்லாத கையால், லேசாக. எதிரே வந்த லாரிக்காரர் ஓரங்கட்டி நின்று வேடிக்கை பார்த்தார். கீழே போடி தீப்பெட்டி தீப்பெட்டியாகச் சுருங்கியது, பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பாதி தூரத்தில் என்ஜின் கொதித்துவிட்டது. மாமா தகர டின்னை எடுத்துக்கொண்டு ஊற்றைத் தேடி இறங்கினார்.

நானும் அத்தையும் மட்டும். எனக்குத் தாங்கவில்லை. "அத்தே, பூசைக்கு மொத நாளே நான் தொட்டுட்டேன். மாத்தித் திரும்புனதப் பாத்தேன். பயந்துக்கிட்டுச் சொல்லல. அதனாலதான் அந்தம்மா ஒங்களப் பாத்து அப்படிச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. "அடி என் தாயி, அந்த முடிச்சு எப்படித் தளர்ந்துச்சுன்னு நெனச்ச? நீ மொத நாள் தொட்ட. நான் புதன்கெழமையே தொட்டுட்டேன். ரெண்டு மத்தியானம் உள்ளாற ஒக்காந்து அதை ஓட்டியே பாத்துட்டேன். வெளிய தலைய நீட்டிப் பாத்தா, சக்கரம் மாத்தித் திரும்புது."

"அப்ப நீங்க ஏன் சொல்லல?"

"நீ தொட்டேன்னா புள்ள வெளையாடிருச்சும்பாக. நான் தொட்டேன்னா? இவ கை பட்டுத்தான் கெட்டுச்சும்பாக. ராக்கு மாறிக் கெடந்தத ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாக." அத்தை சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் கண் நிறைந்திருந்தது. எனக்கு அன்றைக்குப் பாதிதான் விளங்கியது. மீதி விளங்க எனக்கும் தலை நரைக்க வேண்டியிருந்தது.

முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். ஒரு எலுமிச்சம்பழம். தோல் சுருங்கிப் பழுப்பாகியிருந்தது. பூஜையன்று முன்சக்கரத்திடம் தப்பித்த பழம்.

மாமா டின்னோடு வந்து தண்ணீர் ஊற்றி மூடினார். அத்தை என்ஜினைக் கிளப்பினார். "இப்ப எறங்கிப் போயி முன்சக்கரத்துக்கு நேரா வை, தாயி. என் பூசைய நானே போட்டுக்கிறேன்" என்றார். வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். வண்டி நேராக வந்து, பழத்தை நசுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது.